பத்தொன்பதாவது வசனம்

என் கணவர் பாயிஸுக்குக் கடல் தெரியும், எஞ்சின் தெரியும், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் போட்டைத் திருப்ப வேண்டும் என்று தெரியும். ஆங்கிலம் மட்டும் தெரியாது. எனக்கு ஆங்கிலம் தெரியும். கடலைக் கரையில் நின்று பார்ப்பதோடு சரி. இரண்டு பேரையும் சேர்த்தால் ஹோட்டல்காரர்கள் கேட்கிற முழு ஆள் ஒருவர் வந்துவிடுவார் என்று நான் நினைத்தேன். நினைத்ததில் பிழை இல்லை. பிழை வேறோர் இடத்தில் நடந்தது, அதுவும் என் கையால். எங்கள் ஊர் பள்ளிவாசல்துறை முழுக்கத் தெரிந்துபோன விஷயம் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கடலுக்கு நவம்பரில் இருந்து ஏப்ரல் வரைக்கும் டொல்பின் பார்க்க வெளிநாட்டார் வருவார்கள். விடிந்ததும் ஃபைபர் போட்டில் ஏறி, ஆழத்துக்குப் போய், டொல்பின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வெயில் ஏறுமுன் கரைக்கு வந்துவிடுவார்கள். இந்த வருடம் எங்கள் கரையில் புதிதாக ஒரு ஹோட்டல் திறந்தார்கள். சீசன் முழுக்க ஒவ்வொரு நாள் காலையும் ஓட அவர்களுக்கு ஒரு போட் தேவைப்பட்டது. அதன் மனேஜர் அல்பிரட், சிலாபத்து ஆள். தமிழ் நன்றாகக் கதைப்பார், ஆனால் தங்கச்சி என்று வாயில் வராது, நங்கி என்றுதான் வரும்.

"நான் ஒண்டும் பெரிசா கேக்கல்ல நங்கி," என்றார். "ஆக்கள எழும்பாம இருக்கச் சொல்லத் தெரிய வேணும். லைஃப் ஜக்கெட் போடச் சொல்லத் தெரிய வேணும். இங்கிலிஷ்ல, போட் ஓட்டுறவர்ட வாயால. பக்கத்தில நிண்டு நீங்க சொல்லிக்குடுக்கிற சரிவராது."

வேறெங்கோ ஒரு போட்டில் ஓட்டுகிறவர் கத்தியது விளங்காமல், எழும்பி நின்ற ஒருவர் கடலுக்குள் விழுந்தாராம். அதற்குப் பிறகு அல்பிரட் இந்த விஷயத்தில் ஒரு பிடி.

எனக்கு அந்த வேலை எப்படியும் வேண்டும். காரணம், பாயிஸுக்குக் கட்டார் விசா வந்திருந்தது. தண்ணீர் பவுசர் ஓட்டும் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். இன்னும் பதினெட்டு நாளில் வருகிற வியாழக்கிழமை கொழும்புக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். மீன் சரியாகப் படவில்லை என்று அவர் ஓம் சொல்லியிருந்தார். நான் ஓம் சொல்லவில்லை. முன்பொரு தடவை மூன்று வருடம் அங்கே இருந்துவிட்டு வந்தபோது, எங்கள் மகள் அஸ்கா அவரைக் கண்டு அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஒரு கிழமையாக வெளியே வரவில்லை. அவர் அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து பிஸ்கட் நீட்டிக்கொண்டே இருந்தார். அந்த இருப்பை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் இங்கேயே இருக்க வேண்டும். ஹோட்டல் வேலை கிடைத்தால் இருப்பார். அவ்வளவுதான் விஷயம்.

அல்பிரட் வைக்கப்போகும் சோதனைக்குப் பத்து நாள் இருந்தது. நான் ஃபோனில் தேடி ஒரு பட்டியலைப் பிடித்தேன்: கப்பற் பயணத்துக்குப் பயனுள்ள ஆங்கில வசனங்கள். அறுபது வசனம். எழுதியவர் மாளிகை மாதிரிக் கப்பலில் போகிறவர் போலும். என் அறை எத்தனையாவது தளத்தில் இருக்கிறது, கப்பல் வைத்தியரை அழையுங்கள், கெப்டனின் மேசையில் இராச்சாப்பாடு எத்தனை மணிக்கு என்றெல்லாம் போட்டிருந்தது. நான் வாசித்துத் தமிழில் சொல்ல, பாயிஸ் எஞ்சினைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இஞ்ச, கெப்டன்ட மேசை எண்டா என்ன? நம்மட போட்டுல பாண் வைக்கவே இடமில்ல."

"கெப்டன் நீங்கதான். மேசைய விடுங்க."

மேசையை வெட்டினேன். வைத்தியரை வெட்டினேன். தளம், அறை, சாய்வுக் கதிரை எல்லாவற்றையும் வெட்டினேன். கப்பல் எப்போது திரும்பி வரும் என்ற கேள்விக்கு இன்றே திரும்பி வருவோம், ஒன்பது மணிக்கு என்று ஒரு பதில் இருந்தது. அதையும் வெட்டப் போனேன்.

"அத வெட்டாத," என்றார்.

"என்னத்துக்கு? எத்தினை மணிக்கு வாற எண்டு ஹோட்டல்லயே சொல்லித்தானே அனுப்புறாங்க."

"இரிக்கட்டும். நல்ல வசனம்."

ஒரு வசனத்துக்காகச் சண்டை பிடிப்பானேன் என்று அதைக் கடைசியில் போட்டேன். ஆகமொத்தம் இருபத்து நான்கு. கொப்பி ஒன்றில் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி, மரியாதை முதலில் வரவேண்டும் என்ற முறைப்படி அடுக்கினேன். முதலாவது, குட்மோர்னிங். இரண்டாவது, வெல்கம் டு மை போட். மூன்றாவது, மை நேம் இஸ் பாயிஸ். பிறகு ஊரைப் பற்றி நாலு, டொல்பினைப் பற்றி ஆறு, அதற்குப் பிறகு ஜக்கெட், கயிறு, தண்ணீர்ப் போத்தல். பத்தொன்பதாவது, சிட் டவுன் ப்ளீஸ், டோன்ட் கம் டு வன் சைட். எல்லோரும் இருங்கள், ஒரு பக்கமாக வராதீர்கள். வீட்டுக்கு வந்தவர்களை வாசலில் வைத்து அதட்டுவதில்லையே என்று அதைப் பின்னால் தள்ளினேன். எழுதி முடித்த கொப்பியைப் பார்க்க எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

படிப்பிக்கத் தொடங்கிய அன்றே சண்டை வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி அங்கொன்று இங்கொன்றாகக் கேட்டேன். பதினோராவது என்ன என்றால், அவர் கண்ணை மூடிக்கொண்டு முதலில் இருந்து முணுமுணுக்கத் தொடங்குவார். குட்மோர்னிங், வெல்கம் என்று பத்தையும் தாண்டி வந்துதான் பதினொன்றைச் சொல்வார். எனக்கு ஏறும் கோபத்துக்கு அளவே இல்லை.

"கேட்டத மட்டும் சொன்னா என்ன? வாயில முள்ளா குத்துது?"

"நடுவில இருந்து கேக்காத புள்ள. நடுவில இருந்து எனக்கு ஒண்டும் வராது."

உண்மையில் வராது. அவர் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஒழுங்காகப் படித்தது குர்ஆன் மத்ரஸாவில் மட்டும்தான். அங்கே லெப்பை ஓதிக்கொடுக்க, பிள்ளைகள் மெல்ல அசைந்துகொண்டு தலையில் இருந்து கடைசி வரைக்கும் ஓதுவார்கள். தடக்கினால் திரும்பவும் தலையில் இருந்து வருவார்கள். அப்படிப் பாடமாக்கிய ஸூறாக்களில் இன்றைக்கும் அவருக்கு ஓர் எழுத்துப் பிசகாது. மனதில் ஒன்றை நிறுத்த அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். சரி, உங்கள் வழியிலேயே போங்கள் என்று விட்டுவிட்டேன். போட்டைக் கழுவும்போதும் வலையை உதறும்போதும் தானே போட்டுக்கொண்ட ஒரு மெட்டில் அசைந்து அசைந்து சொன்னார். எட்டாம் நாள் இருபத்து நான்கும் தண்ணீராக ஓடியது. கரையில் நின்ற றிஸ்மின் வாயைப் பிளந்துவிட்டான். றிஸ்மினுக்குச் சொந்தப் போட்டும் கொஞ்சம் கடற்கரை இங்கிலிஷும் உண்டு. அந்த வேலையில் அவனுக்கும் ஒரு கண்.

சோதனை புதன்கிழமை காலையில் நடந்தது. ஒரு வெளிநாட்டுக் குடும்பம்: கமராவைக் கழுத்தில் தொங்கவிட்ட பெரிய உடம்புக்காரர், அவர் மனைவி, வளர்ந்த இரண்டு பெண்பிள்ளைகள். அவர்களோடு அல்பிரட். நானும் வருகிறேன் என்று நின்ற நிலையில் நின்றேன்.

"வாங்க நங்கி, ஆனா வாய் திறக்கக் கூடாது. திறந்தா அவர் ஃபெயில்," என்றார் அல்பிரட்.

வாய் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய வேலை என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் இருந்தேன். பாயிஸ் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று குட்மோர்னிங் என்று தொடங்கியபோது என் நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஜக்கெட் பற்றிய வசனம் பதினாலாவது. அதுவரைக்கும் அந்தக் குடும்பம் ஊரையும் டொல்பினையும் பற்றிக் கேட்டுக்கொண்டு ஜக்கெட்டை மடியில் வைத்திருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, அவ்வளவு பெருமை. பதினாறு வந்தபோது கரை தாண்டிய அலை தொடங்கியது. பாயிஸ் நிறுத்திவிட்டு எஞ்சினைக் கவனித்தார். மிச்சத்தைப் பிறகு சொல்வார் என்று நினைத்தேன்.

கரையில் நின்ற காற்றாலைகள் விரல் அளவுக்குச் சிறுத்துத் தெரிந்த நேரம் டொல்பின் வந்தது. ஒன்று இரண்டல்ல, நூறுக்கு மேல், எல்லாம் இடப்பக்கம். நாலு பேரும் ஒரே நேரத்தில் எழும்பி இடப்பக்கம் பாய்ந்தார்கள். கமராக்காரர் ஒரு காலைப் போட்டின் விளிம்பில் வைத்துவிட்டார். போட் சரிந்தது. தண்ணீர் உள்ளே வந்து, கழற்றி வைத்திருந்த செருப்புகள் மிதந்தன.

நான் பாயிஸைப் பார்த்தேன். ஒரு கையால் எஞ்சினைத் தணித்துப் போட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். கை சரியாகத்தான் வேலை செய்தது. வாய்தான், "குட்மோர்னிங், வெல்கம் டு மை போட், மை நேம் இஸ் பாயிஸ்," என்று தலையில் இருந்து ஓடிக்கொண்டிருந்தது. பத்தொன்பதைத் தேடிப் போகிறார் என்று எனக்குத் தெரியும். வேகமாகத்தான் போனார், வியர்க்க வியர்க்கப் போனார். ஏழாவதுக்கு வந்திருந்தார். இன்னும் பன்னிரண்டு இருந்தது. போட்டுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

நான் வாயைத் திறந்தால் கட்டார். திறக்காவிட்டால் அந்தப் பெண்பிள்ளைகளில் ஒன்று தண்ணீருக்குள்.

"சிட் டவுன்! ஓல் ஒஃப் யூ! சிட் டவுன்!"

அஸ்கா கிணற்றுக் கட்டில் ஏறினால் வருகிற குரல் அது. நாலு பேரும் அந்தந்த இடத்திலேயே பொத்தென்று விழுந்தார்கள். அல்பிரட்டும் இருந்தார், அவர் முதலே இருந்துகொண்டுதான் இருந்தார், இன்னும் கொஞ்சம் கீழே இருந்தார். போட் நிமிர்ந்தது. பாயிஸ் மட்டும் நிறுத்தாமல் எட்டு, ஒன்பது, பத்து என்று போய், பத்தொன்பதுக்கு வந்து, ஏற்கெனவே இருந்துகொண்டிருக்கிறவர்களைப் பார்த்து, "சிட் டவுன் ப்ளீஸ்," என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கமராக்காரர் மரியாதையாகத் தலையாட்டினார்.

கரைக்கு வந்ததும் அல்பிரட் சப்பாத்துக்குள் இருந்த தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினார்.

"நல்ல ஓட்டி. அந்தச் சரிவில அவர் போட்டத் திருப்பின மாதிரி வேற ஒருத்தருக்கும் ஏலா. ஆனா நங்கி, நீங்க வாய் திறந்திட்டீங்க."

"பிழை அவர்ட இல்ல சேர், என்ட," என்றேன். வாழ்க்கையில் அந்தச் சொல்லை நான் அடிக்கடி பாவிப்பதில்லை. "அவர் எதையும் தலையில இருந்துதான் சொல்லுவார். பயந்தாலும் அப்பிடித்தான். தலையில குட்மோர்னிங்க வச்சது நான். தலையில சிட் டவுன வச்சிருந்தா உங்கள எழும்பவே விட்டிருக்க மாட்டார்."

"நான் எழும்பயில்ல," என்றார் அல்பிரட்.

"சரி, நீங்க எழும்பயில்ல. ஒரு கிழமை தாங்க. அடுத்த புதன் ஒழுங்க மாத்திக்கொண்டு வாறம். நான் போட்டுல ஏறவும் மாட்டன்."

அவர் பாயிஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தூரத்தில் தன் போட்டைச் சும்மா துடைத்துக்கொண்டு நின்ற றிஸ்மினையும் பார்த்தார். பிறகு, "ஹரி, புதன்கிழமை," என்று சிங்களத்திலேயே சரி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பாயிஸ் சோறு தின்னவில்லை. "அடுத்த வியாழக்கிழமை கொழும்புக்குப் போறன் புள்ள. இனி என்னத்துக்கு இந்த வேலை?" என்றார். வியாழனுக்கு முதல் புதன் இருக்கிறது என்று நான் சொன்னேன். கொப்பியில் புதுப் பக்கம் விரித்து உயிருக்குத் தேவையானதை முன்னாலும் மரியாதைக்குத் தேவையானதைப் பின்னாலும் வைத்தேன். முதலாவது, சிட் டவுன். இரண்டாவது, கயிற்றைப் பிடியுங்கள். மூன்றாவது, ஜக்கெட். அப்படியே போய் இருபத்திரண்டாவது குட்மோர்னிங், இருபத்து மூன்று வெல்கம், இருபத்து நாலு மை நேம் இஸ் பாயிஸ். இன்றே திரும்பி வருவோம் என்பது அவருடைய பிடித்தம் என்பதற்காக இருபத்தோராவதாக ஓரிடம் கொடுத்தேன்.

"குட்மோர்னிங் கடைசியிலயா? சனம் சிரிக்காதா?"

"சிரிச்சா இருந்துகொண்டு சிரிக்கட்டும். நிண்டுகொண்டு சிரிக்க வேணாம்."

அதைக் கேட்டு அவரே சிரித்தார். சிரித்த பிறகுதான் சோற்றுக் கோப்பையை இழுத்தார்.

பழைய மெட்டில் சொன்னால் பழைய ஒழுங்கு இழுத்துக்கொண்டு போகிறது என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். அதனால் புது மெட்டு ஒன்றைப் போட்டார். அசைவுக்குப் பதிலாக நடை. வீட்டில் இருந்து போட் இழுத்து வைத்த இடம் வரைக்கும் நடந்தால் இருபத்து நாலும் முடியும். அஸ்கா பின்னால் ஓடிக்கொண்டு சொல்வாள். நான் நடுவில் இருந்து ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் நாள் வேண்டுமென்றே பின்னால் போய் ஒரு வாளியை நிலத்தில் அடித்தேன். அவர் திடுக்கிட்டு, "சிட் டவுன்!" என்றார். பக்கத்து வீட்டு மபாஸா வேலிக்கு அங்கால் தன் கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டதாக இன்றைக்கும் சொல்கிறாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, வேலை எங்களுக்குத்தான்.

புதன்கிழமை ஆறு பேர் வந்தார்கள், அல்பிரட் ஏழாவது. சொன்ன சொல்லுக்கு நான் கரையிலேயே நின்றேன். அஸ்கா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போட்டைத் தள்ளிவிட்டார்கள். அதில் ஓர் இளம்பெண் ஏறின கையோடு எழும்பி நின்று படம் எடுக்கப் பார்த்தாள்.

"சிட் டவுன்!"

ஆறு பேரும் ஒரே நேரத்தில் இருந்தார்கள். அல்பிரட் தன் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் முகம் சற்றே வெளிறிப்போனது கரையில் இருந்து பார்க்கும்போதே தெரிந்தது. அடுத்தது கயிறு. எனக்கும் பாடம், வாய்க்குள் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாயிஸ் கயிற்றைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து, அவசரப்படாமல், நல்ல தெளிவாகச் சொன்னார்.

"வீ வில் கம் பெக் டுடே. அட் நைன் ஓ குளொக். இன்ஷா அல்லாஹ்."

இன்றே திரும்பி வருவோம், ஒன்பது மணிக்கு. இருபத்தோராவது வசனத்தை என்னிடம் ஒரு சொல் கேட்காமல் இரண்டாவதாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு ஜக்கெட்டைக் கட்டினாள். அதற்குப் பிறகு கயிறு வந்தது, ஜக்கெட்டும் வந்தது. எஞ்சின் சத்தத்தில் மிச்சம் கேட்கவில்லை. நான் எழுதிய ஒழுங்கை வேறு யாராவது மாற்றியிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன். அன்று கடற்கரையில் நின்று, றிஸ்மின் பார்க்கிறான் என்ற எண்ணமும் இல்லாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கப் போட் வந்தது. ஒவ்வொருவரையும் கை கொடுத்து இறக்கி, "குட்மோர்னிங். வெல்கம் டு மை போட். மை நேம் இஸ் பாயிஸ்," என்று சொன்னார். பயணம் முடிந்த பிறகு பேரைச் சொல்லி வரவேற்கிற போட் ஓட்டியை அவர்கள் எந்த நாட்டிலும் கண்டிருக்க மாட்டார்கள். ஆறு பேரும் கை தட்டினார்கள்.

அல்பிரட் நேரே என்னிடம் வந்தார். சப்பாத்து காய்ந்திருந்தது.

"டொல்பின் வந்த நேரம் ரெண்டு பேர் எழும்பப் பார்த்தாங்க. முழங்கால் நிமிர முதல் சிட் டவுன் வந்திட்டுது. நாளைக்கு ஆறு மணிக்குப் போட் ரெடியா இரிக்க வேணும் நங்கி. ஏப்ரல் வரைக்கும்."

பாயிஸ் போட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், கோபமாகக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன்.

"ரெண்டாவது கயிறுதானே? ஆரக் கேட்டு மாத்தின?"

"முதல் வசனத்தில ஆக்கள் பயந்துபோறாங்க. பயந்த ஆக்களுக்கு உடன சொல்ல வேணும் தானே, திரும்பி வருவம் எண்டு."

அப்போது அவருடைய ஃபோன் அடித்தது. கொழும்பு ஏஜென்ட். கையெழுத்து வைக்க நாளைக்கு எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. அஸ்கா தண்ணீருக்குள் இறங்கி வாப்பாவின் சாரனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வர ஏலா நானா," என்றார் பாயிஸ் ஏஜென்டிடம். "நாளைக்கு ஒன்பது மணிக்கு நான் வீட்ட இரிக்க வேணும்."